கம்பத்தடியில் ஒரு பேர் பாக்கி

1961 பெப்ரவரி 13

ஹட்டன் ராசிக் நானா கடையில் புது வருஷத்துக்கு ஓசியாகக் கொடுத்த டயரி இது. ஜனவரி முழுவதும் வெள்ளையாகவே விட்டுவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு வெள்ளைத் தாளைக் கண்டால் வாத்தியார் ஞாபகம் வரும்.

தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் இரண்டாம் நம்பர் ரோலர் இன்றும் நின்றுவிட்டது. டீமேக்கர் ஐயா என்னைப் பார்த்த பார்வையில், என் தொந்திதான் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது போல இருந்தது.

காலையில் நல்ல பனி. அக்காவுக்கு இருமல். போர்த்திக்கொண்டு படு என்றேன். “நீ பொறந்தப்ப ஒனக்குப் போத்திவிட்டவ நானு. எனக்கே சொல்லித் தர்றியா” என்றாள்.

எழுதி வைத்தால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது. காத்தாயி என் உடன்பிறந்த அக்கா. என்னைவிட இருபது வயது மூப்பு. அவள் மகள் பூரணியைத்தான் நான் கட்டியிருக்கிறேன். ஆகவே மாமியாரும் அவளே. அம்மா செத்தபோது நான் கைக்குழந்தை; என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கரையில் கப்பல் விட்டு இறங்கினாள்; ஆகவே அம்மாவும் அவளே. ஒரே ஆளிடம் மூன்று முறையிலும் ஏச்சு வாங்குகிறவன் இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். ஆட்கள் இருந்தால் “வாங்க மாப்ள.” ஆட்கள் போனதும் “டேய்.”

பெப்ரவரி 17

காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாயிற்று. மூன்றாம் பிறை கம்பி மாதிரி தெரிந்தது.

இந்த வருஷம் ரதி வேஷத்துக்குக் காப்புக் கட்டியிருப்பவன் என் மகன் முத்துலிங்கம். பத்தொன்பது வயது. மீசையை எடுத்ததும் அவன் அக்காமாரைவிட லட்சணமாக இருக்கிறான் என்று சொன்னேன். அவர்கள் கல்யாணமாகித் தூரத்தில் இருப்பது என் அதிர்ஷ்டம்.

காப்புக் கட்டியவன் சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது. அவன் வீட்டிலேயே சாவு விழுந்தால் காப்பை அறுத்துவிட வேண்டும். ஆனால் ஊன்றிய கம்பத்தைப் பாதியில் விட்டால் தோட்டத்துக்கே ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இனி காமனை எரிக்கும் பௌர்ணமி வரைக்கும் எங்கள் பிழைப்பு.

எங்கள் தோட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கம்பத்தடியில் தேங்காய் உடைக்குமுன், முன்னே ரதியும் மன்மதனும் ஆடியவர்களின் பேரை வரிசையாகச் சொல்ல வேண்டும். சொல்வது தோட்டத் தலைவர் வீரய்யா அண்ணன். இங்கே கூத்துக்கு வாத்தியாராக இருந்தவர் அவருடைய அப்பா. ரதி வரிசையில் “இராமையா” என்றதும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இராமையா அக்கா புருஷன். என் மச்சான், மாமனார். செத்து இருபது வருஷம் ஆகிறது. அவர் கடைசியாக ஆடிய ரதியைப் போல எவனும் ஆடியதில்லை என்று நாற்பது வருஷமாகப் பேச்சு.

திரும்பி வரும்போது அக்கா சொன்னாள்: “ஒரு பேரு கொறையுதுடா.”

யார் பேர் என்றேன். “ரோட்டப் பாத்து நட” என்றாள்.

பெப்ரவரி 21

அக்காவுக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரி ஐயா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சளி உள்ளே இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். போகிற வழியில் செத்தால் லொறிக்காரனுக்குக் கெட்ட பேர் என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெப்ரவரி 23

லயத்து வரிசையில் ஒரு காம்பரா வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எப்படி இருக்கிறது என்று அக்காவைப் பார்த்துக் கேட்கிறார்கள். கண் மட்டும் முத்துலிங்கத்தின் கைக்காப்பில் இருக்கிறது. அக்காவுக்குத் தெரியாதா? வீரய்யா அண்ணனிடம் நேராகவே சொல்லிவிட்டாள்: “காமன எரிச்சு முடி தம்பி. அதுவரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்.”

அவர் உண்மையாகவே ஆறுதலாகப் போனார்.

பெப்ரவரி 26, ஞாயிறு

ராத்திரியெல்லாம் அனத்தல். பூரணி பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல. அம்பத்தஞ்சு வயசு கிழவன், பேரப் பிள்ளை எடுத்தவன், அடுப்புக்கிட்ட குந்திக்கிட்டு அம்மா அம்மான்னு அழுதேன். அக்கான்னு வரல வாயில. அவ இல்லாம எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லையே —

பெப்ரவரி 28

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கஞ்சியில் உப்பில்லை என்றாள். பூரணி சிரித்துக்கொண்டே அழுதாள்.

மார்ச் 3

ராத்திரியெல்லாம் கூத்து ஆடி இன்று காமனை எரித்தோம். விடியும் நேரத்தில் மன்மதன் எரிந்து போக, தப்புக்காரர்கள் சாவு மேளம் அடிக்க, முத்துலிங்கம் ரதியாக விழுந்து புரண்டு ஒப்பாரி வைத்தான். அழாத ஆளில்லை. நானும் அழுதேன். மேளம் கேட்டால் எனக்கு யார் செத்தாலும் அழுகை வரும்.

அக்கா படுக்கையில் இருந்தே எல்லாம் கேட்டிருக்கிறாள். பேரன் வந்து காலடியில் உட்கார்ந்ததும் அவன் முகத்துச் சாயத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “நல்லாத்தான் அழுத. ஆனா புருஷன் தானாச் செத்த மாதிரி அழுத. எரிச்சுப் போட்டாங்கடா அவ புருஷன. சிவன்கிட்ட சண்டைக்குப் போற மாதிரி அழணும்.”

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று பூரணி கேட்டாள். அக்கா சாயத் துணியை அலசச் சொல்லி அவளிடம் நீட்டினாள்.

மார்ச் 4

இன்று நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

காலையில் வெயில் நன்றாக விழுந்தது. அக்காவை இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார வைத்து ரொட்டியும் சம்பலும் கொடுத்திருந்தோம். கீழ் ரோட்டு வளைவில் திடீரென்று ஓலம். இருபது இருபத்தைந்து பேர், பொம்பளைகள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மார்பில் அடித்தபடி ஏறி வருகிறார்கள். முன்னால் என் சித்தப்பா மகன் ஆண்டியப்பன். பொகவந்தலாவையில் இருப்பவன். கையில் மாலை, மஞ்சள், தட்டில் கோடிச் சேலை. செத்தவளுக்குப் பிறந்த வீட்டுப் பங்காளி போட வேண்டிய கோடி.

நடந்தது இதுதான். காமன் எரிந்த விடியலில் முதல் பஸ் கீழ் ரோட்டில் போயிருக்கிறது. அக்காவுக்கு முடியாதது கண்டக்டருக்குத் தெரியும். சாவு மேளத்தைக் கேட்டான். என் மகன் ஒப்பாரியையும் கேட்டான். பொகவந்தலாவை பஜாரில் இறங்கினதும் கல்லுமலைத் தோட்டத்துக் காத்தாயி போய்விட்டாள் என்று சொல்லிவிட்டான். ஆண்டியப்பன் தோட்டத்தில் கூத்து நின்று பல வருஷம். மாசி மாதம் என்பதே ஒருத்தனுக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆண்டியப்பன் இஸ்தோப்புப் படியில் கால் வைத்தான். அக்காவைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாததால் ஓலம் மட்டும் கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருந்தது.

அக்கா ரொட்டியை மென்று விழுங்கினாள். “யாருடா செத்தது?” என்றாள்.

தட்டைப் பார்த்தாள். எனக்கா என்றாள். ஆண்டியப்பன் மறைக்கப் பார்த்தான். உயிரோடு இருப்பவளுக்குக் கோடி ஆகாது. அக்கா தட்டை இழுத்துச் சேலையை விரித்து, கரையைத் தடவிப் பார்த்தாள். “உசுரோட இருக்கும்போது ஒரு தடவயாவது இப்புடி வாங்கிக் குடுத்திருக்கியா நீ?” அங்கேயே தோள் மேல் போட்டுக்கொண்டாள். பொம்பளைகள் வாயைப் பொத்தினார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான், முழு லயமும் சிரித்தது.

மத்தியானம்தான் அடுத்த பஸ். சாவுக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வழியெல்லாம் அழுவதற்கென்று அக்கா பெருமைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவள் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தார்கள்.

கொழுந்து மலையில் அக்கா வெறும் கூடையால் சிறுத்தையை விரட்டினாளே என்றான் ஆண்டியப்பன்.

“காட்டுப்பன்னி. ஓடுனதும் நான்தான். அது நின்ன எடத்துலயேதான் நின்னுச்சு.”

வேலைநிறுத்தத்தின்போது துரை காருக்கு முன்னால் குறுக்கே படுத்தாளே என்றாள் ஒருத்தி.

“படுக்கல. சறுக்கி விழுந்தேன். கார் நின்னுருச்சு. நின்னது நல்லதாப் போச்சேன்னு நான் எந்திரிக்கல.”

நானும் சும்மா இருக்கவில்லை. கப்பல் ஏறுமுன் கேம்பில் காய்ச்சல் பிள்ளை என்று என்னைத் தடுத்துவிடுவார்களென்று சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். நாற்பது வருஷமாக நான் சொல்லும் கதை.

“காச்சலாவது ஒண்ணாவது. கழிஞ்சு வச்சிருந்த. நாத்தத்துக்குத்தான் மூடினேன்.”

இனி அந்தக் கதையை நான் எங்கே போய்ச் சொல்வது?

வீரய்யா அண்ணனும் வந்திருந்தார். மரியாதைக்கு அவரும் ஒன்று சொன்னார்: என்ன இருந்தாலும் இராமையா அண்ணன் ஆடிய அந்த ரதி மாதிரி வராது, அப்பேர்ப்பட்ட ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவள் நீங்கள் என்று.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அது அவரு இல்ல. நான்.”

பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த வருஷம் மச்சானுக்குக் குளிர்காய்ச்சல். எரிக்கிற அன்றைக்கு எழுந்து நிற்க முடியவில்லை. கம்பம் ஊன்றியாயிற்று, காப்பும் கட்டியாயிற்று. அவர் காப்பைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு, அவர் வேஷத்தைப் போட்டு, விடிய விடிய ஆடியது அவள். முகம் நிறையச் சாயம். தோட்டம் மச்சான் என்றே நினைத்தது. பிறகு அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீரய்யா அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. “காச்சல் இன்னும் எறங்கல போல அக்கா. பொம்பள காப்புக் கட்டினா தோட்டமே எரிஞ்சு போயிருக்கும்.”

“எரிஞ்சுச்சா?”

அக்கா குரலைத் தணித்தாள். நான் அவள் யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை. “அவரு பேர எடுக்காத தம்பி. பக்கத்துல என் பேரையும் சொல்லு. ஒரு வருஷம் சொன்னாப் போதும்.”

“சாமி காரியம்” என்று எழுந்தார். தேத்தண்ணியைக்கூட முடிக்கவில்லை.

மார்ச் 5

தோட்டம் முழுக்க இதே பேச்சு. கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்கிறார்கள். ஸ்டோரில் ஒருவன் என்னிடம், அப்படியானால் அந்த வருஷம் ரதி உன் அக்கா, மன்மதன் உன் மாமியாரா என்று கேட்டான். சிரித்து வைத்தேன். சிரித்தது தப்பு.

நான் நம்புகிறேன். ஏன் என்றால் — சிறுத்தையை அவளே பன்றியாக்கினாள். கார் முன்னால் படுத்ததைச் சறுக்கல் என்றாள். வந்த பெருமையை எல்லாம் தானே தள்ளிவிட்டவள், ஒன்றே ஒன்றை ஏன் புதிதாகச் சேர்க்கப் போகிறாள்?

இன்னொன்றும் உண்டு. அந்த வருஷம் எனக்குப் பதினைந்து வயது. ரதிக்குப் பக்கத்தில் தீவட்டி பிடித்தவன் நான்தான். ஆட்டத்துக்கு நடுவில் ரதி என் பக்கம் குனிந்து, “டேய், எண்ண சொட்டுது, தள்ளிப் புடி” என்றது. மச்சான் என்னை டேய் என்று கூப்பிட்டதே கிடையாது. ஒரு முழத்தில் முகம், கையில் வெளிச்சம், கூடப் பிறந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை! அன்றைக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தன், ஆட்டம் பிரமாதம், நடைதான் பொம்பளை நடை மாதிரி இல்லை என்றான். நானும் ஆமாம் போட்டேன்.

மார்ச் 9

பட்டிப்பொலயில் இருந்து மாயாண்டி மாமாவும் அவர் பெண்சாதி அழகம்மா அக்காவும் வந்தார்கள். அந்த வருஷம் மன்மதன் ஆடியவர் மாமாதான். பிறகு ரயில் பாதை வேலைக்குப் போய்ப் பட்டிப்பொலயிலேயே தங்கிவிட்டார். சாவுச் செய்தி அவர்களுக்கு மட்டும் பிந்திப் போயிருக்கிறது. பையில் வாடின மாலை.

இதைவிட நல்ல சாட்சி வேறு யார்? ஓடிப்போய் வீரய்யா அண்ணனைக் கூட்டி வந்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு மாயாண்டி மாமா மீசையைத் தடவினார். “இராமையாதான். கையப் புடிச்சு ஆடினவன் நானு, எனக்குத் தெரியாதா? இவளாவது ஆடறதாவது.”

அக்கா கோடிச் சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டு மலைப் பக்கம் பார்த்தாள். என் புத்திசாலித்தனத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அழகம்மா அக்கா தலை நிமிராமல் சொன்னாள்: “ஒமக்கு என்ன தெரியும். வேசம் கட்டிவிட்டவ நானு.”

மாமா அவளைப் பார்த்தார்.

“மாரக் கட்டி, சேலையச் சுத்தி, சாயம் பூசி அனுப்பினவ நானு. நீரு விடிய விடிய அவ கையப் புடிச்சு ஆடிப்புட்டு வீட்டுக்கு வந்து, இராமையா கை இன்னிக்கு என்னா முரட்டுக் கைன்னு சொன்னீரு. தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை, முரடாத்தான் இருக்கும்.”

மாயாண்டி மாமா பெஞ்சில் அக்காவை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது. “பயப்படாதீங்க மன்மதரே” என்றாள் அக்கா. பூரணி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

வீரய்யா அண்ணன் சிரிக்கவில்லை. வேஷம் கட்ட யார் சொன்னது என்று கேட்டார்.

அழகம்மா அக்கா அக்காவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அக்கா தலையை ஆட்டினாள். ஆனால் அழகம்மா அக்கா கேட்கிற ஆளா?

“ஒங்கப்பாதான். வாத்தியாருதான் என்னயக் கூப்புட்டுவிட்டாரு. கம்பம் ஊனியாச்சு, ரதி வரணும், எந்த ரதின்னு காமன் கேக்க மாட்டான்னாரு. வெளிய சொன்னா சனம் பயந்துரும்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினாரு. அவரு போயிட்டாரு, இராமையாவும் போயிட்டாரு. இன்னும் யாருக்குப் பயப்படச் சொல்றீங்க?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அக்கா இதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறாள். தகப்பன் பேரை இழுத்து மகனை மடக்க அவளுக்கு மனது வரவில்லை.

வீரய்யா அண்ணன், அப்பா இதெல்லாம் தன்னிடம் சொன்னதே இல்லை என்று மட்டும் சொன்னார். தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 10

“சொல்லுவானாடா?” என்று அக்கா கேட்டாள். தெரியாது என்றேன். “பொய்யாவது சொல்லேன்” என்றாள்.

ஏப்ரல் 14

சித்திரை வருஷப் பிறப்பு. அக்கா கோடிச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போனாள். மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். மூன்று இடத்திலும், மூச்சு வாங்குவதற்காக இல்லை, மலையைப் பார்ப்பதற்காக என்றாள்.

ஜூன் 22

ஒரே மழை. ரோலர் ஓடுகிறது. நானும் ஓடுகிறேன்.

ஜூலை 19

அக்கா போய்விட்டாள். விடியும்போது. தூக்கத்தில்.

ஜூலை 21

நேற்று எழுத முடியவில்லை.

பொகவந்தலாவைக்கு ஆள் அனுப்பினோம். அவர்கள் நம்பவில்லை. ஆண்டியப்பன் மட்டும் வந்தான் — சிரித்துக்கொண்டே, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அக்கா சாப்பிடுவாள் என்று வாங்கி வந்திருக்கிறான். வளைவில் நின்று என் முகத்தைப் பார்த்தவன், பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அடக்கம் முடியும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

அதனால் கோடி நான் போட்டேன். தம்பியாகப் பிறந்த வீட்டுப் பக்கம் நின்று நீட்டினேன்; மருமகனாக இந்தப் பக்கம் வந்து வாங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

வீரய்யா அண்ணன் பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தார். மழையில் சறுக்கும் பாதை. கடைசிவரை தோள் மாற்றிக்கொள்ளவில்லை.

1962 மார்ச் 8

இன்று கம்பம் ஊன்றினார்கள். எங்களுக்குத் துக்க வருஷம். முத்துலிங்கம் வேஷம் போடவில்லை. நாங்கள் கம்பத்தடிக்குப் போகவும் கூடாது. பூரணி வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் மேல் ரோட்டில் தேயிலைக்குப் பக்கத்தில் நின்றேன். காற்று எதிர்த்து அடித்தது. கோபப்படுவதற்கு வேண்டியதெல்லாம் மனதில் தயாராக வைத்திருந்தேன். வீரய்யா அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியவை, நாலைந்து நல்ல வசனம்.

வீரய்யா அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பேர்களைச் சொன்னார். வழக்கமான குரல். ரதி வரிசை வந்தது. நான் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டேன்.

அக்கா பேரைச் சொன்னார். நிறுத்தவில்லை, குரலை உயர்த்தவில்லை. அடுத்த பேருக்குப் போய்விட்டார். கூட்டத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எல்லாரும் எப்போதும் போலக் கும்பிட்டார்கள். தேங்காய் உடைந்த சத்தம் மேலே கேட்டது.

வீட்டுக்கு வந்தேன். பூரணி அடுப்பண்டையில் நின்றபடியே கேட்டாள்.

“சொன்னாரா மாமா?”

“சொன்னாரு.”

“அப்பா பேருக்குப் பின்னாலயா?”

“முன்னால” என்றேன்.

அவள் தட்டை எடுத்து வைத்தாள். நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.